அத்தைக்கு வாட்ஸாப்பில் வந்த பத்திரிகை

குமுதாவின் ஒரே தம்பி மகளுடைய கல்யாணப் பத்திரிகை குமுதாவுக்கு வாட்ஸாப்பில் வந்தது. ஈப்போவின் சிலிபின் பேரங்காடியில் நாளெல்லாம் கல்லாவில் நின்றுவிட்டு, கால் கடுக்க வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். கைப்பைக்குள் ஃபோன் சிணுங்கியதும் ஜொகூரில் வேலை பார்க்கும் மகன் பவித்ரனாக இருக்கும் என்று ஆசையோடு திறந்தாள். பிள்ளையார் வந்தார். நாதஸ்வரம் ஊதியது. இரண்டு குத்துவிளக்குகள் பொய்யாக எரிந்தன. 'செல்வி தினேஸ்வரி' என்ற பெயர் ஒரு தாமரைக்குள்ளிருந்து சுழன்று வந்து நின்றது. அதற்கு மேலே சின்னதாக இரட்டை அம்புக்குறி. ஊரெல்லாம் சுற்றிக் களைத்த பத்திரிகை, போகிற போக்கில் அத்தைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அனுப்பியது தம்பிதான், கூட ஒரு வரி இல்லை. 'அக்கா' என்று ஒரு வார்த்தை இல்லை.

அத்தை என்றால் சும்மாவா? பத்திரிகையைச் சாமி முன்னால் வைத்து எடுத்ததும் முதல் தட்டு கூடப்பிறந்தவள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டை இரண்டு பேருமாகப் பிடித்து நீட்ட வேண்டும். ஒரு மாதமாகக் குமுதா அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு தோறும் வீட்டைக் கூட்டித் துடைத்து, சோயா கிச்சாப் போத்தல் கிடக்கும் சாப்பாட்டு மேசைக்குப் புது விரிப்புப் போட்டு வைத்தாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, தாய்வீடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியிருந்தது பாரிட் புந்தாரில் இருக்கும் தம்பி வீடு ஒன்றுதான். தட்டு வராவிட்டால் அவள் அந்தக் கல்யாணத்துக்குப் போக முடியாது. போகாவிட்டால் அந்த வாசலை இனி மிதிக்கவும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஃபோனைப் புருசன் உடையப்பன் முகத்துக்கு நேராக நீட்டினாள். தொழிற்சாலை வேன் ஓட்டுகிற மனிதர், நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டே பாதிக் காது போனவர். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பத்திரிகையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்து, நாதஸ்வரம் நன்றாக இருக்கிறது என்றார். குமுதாவுக்கு அந்த நாதஸ்வரத்தைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஊத வேண்டும்போல் இருந்தது.

தம்பி தர்மேந்திரனைக் கூப்பிட்டாள். அவன் அரிசி ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மூட்டை மூட்டையாகத் தூக்கி அடுக்குவான், வீட்டில் ஒரு வார்த்தையைத் தூக்கி வைக்க மாட்டான். வேலை, மண்டபம், சமையல்காரர் என்று எங்கெங்கோ சுற்றினான். தட்டு எங்கேடா என்று அவள் நேராகக் கேட்டதும்தான் சுற்றுவதை நிறுத்தினான்.

"அக்கா, நீயே துளசிகிட்ட பேசேன்லா. எனக்குச் சுசாவா இருக்கு."

அவ்வளவுதான். பெண்டாட்டி துளசி பேரைச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டான். அவனுக்குச் சங்கடமாம். தட்டு வராமல் நடுவீட்டில் நிற்கிற அக்காவுக்கு என்ன, கும்மாளமா?

காரணத்தைச் சொன்னது கல்யாணப் பெண் தினேஸ்வரிதான். மறுநாள் மதியம் குமுதா சாப்பாட்டு இடைவேளையில் இருக்கும்போது ஃபோன் செய்தாள். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"அத்தை, நா சொன்னேன்னு சொல்லிராதீங்க. அம்மா ஒங்க போஸ்ட் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கு. ராஜலோசனி ராஜலோசனினு நீங்க எழுதுறது அம்மாவத்தானாம். அப்பாகிட்ட ஒன்னொன்னா படிச்சுக் காட்டிருச்சு."

குமுதா முகநூலில் எழுதுகிறவள். கதை, கவிதை என்ற வியாதியெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஏழரை மணிக்கு ஓடும் 'ஏழு வாசல் வீடு' நாடகத்தைப் பார்த்து முடித்த சூட்டோடு, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, 'இன்றைய புலம்பல்' என்று தலைப்புப் போட்டு ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதுவாள். பாதி நாடகத்தைப் பற்றி இருக்கும், பாதி உலகத்தைப் பற்றி இருக்கும். இப்படி:

'ஏழு வாசல் வீடு என்று பேர். இத்தனை வருசமாக நான் பார்த்தது ஒரு மாடிப்படியும் ஒரு சோபாவும்தான். மற்ற வாசலெல்லாம் எங்கே? ராஜலோசனி படுக்கும்போதும் பட்டுச்சேலை, எழுந்திருக்கும்போதும் பட்டுச்சேலை. ஒரு மடிப்பு கலையவில்லை. என் யூனிஃபார்ம் கல்லாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் கசங்கிவிடுகிறது. இன்றைக்கு ஒரு அம்மா பெரிய வெங்காயத்தை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுத்தார். அது என்ன மல்லிகைப்பூவா?'

இதைப் படிக்கவும் ஆள் இருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்தில் அவள் பிறந்து வளர்ந்த பழைய ரப்பர் தோட்டத்தை மூடி வீடு கட்டி விற்றபோது, லூமுட், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போன சனமெல்லாம் குமுதாவின் புலம்பலுக்குக் கீழே வந்து கூடிச் சிரித்தது. நாளெல்லாம் 'பிளாஸ்டிக் பை வேணுமா, கார்டு இருக்கா' என்ற இரண்டு கேள்வியைத் தவிர வேறெதையும் யாரும் அவளிடமிருந்து எதிர்பார்க்காத வாழ்க்கையில், அந்த அரை மணி நேரம்தான் அவள் தன் வாயால் பேசிய நேரம்.

ராஜலோசனி அந்த நாடகத்தின் அண்ணிக்காரி. இடுப்பில் சாவிக்கொத்து, நெற்றியில் பாம்பு வளைந்த பொட்டு, புருசனின் கூடப்பிறந்தவளை வீட்டை விட்டுத் துரத்துவதே முழுநேர உத்தியோகம். அவள் எங்கே, பாரிட் புந்தாரில் கைத்தறி நைட்டியோடு பூனைக்குச் சோறு வைக்கிற துளசி எங்கே? துளசியிடம் இருப்பதே ஒரு வீட்டுச் சாவி. அதையும் வாரத்துக்கு ஒருமுறை தொலைத்துவிட்டுத் தேடுவாள்.

ஆனால் இது துளசியின் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. துளசியும் அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த லயத்து வரிசை வீடுகளில் யாரும் யாரையும் நேராகத் திட்டியது கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி மேல் கோபம் என்றால் கோழியைத் திட்டுவார்கள். கேட்க வேண்டியவளுக்குக் கேட்கும். சாடை பேசுவதில் குமுதாவின் அம்மா செல்லாயியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தண்ணீர்க்குழாய்ச் சண்டையில், எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்த வெள்ளைக் கோழியைப் பார்த்து, "கொண்டையப் பாரு கொண்டைய, ஊருக்கு முன்ன ஒனக்குத் தண்ணி கேக்குதா?" என்று தொடங்கினால் பொழுது சாயும்வரை போகும். அந்தப் பக்கத்திலிருந்து துளசியின் அம்மா, சட்டியைத் தேய்த்துக்கொண்டே சட்டிக்குப் பதில் சொல்லுவாள். அந்தச் சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று, பிறகு தர்மேந்திரன் துளசியைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோதுதான் பேச்சு வந்தது. செல்லாயி போய்விட்டாள். அவள் திட்டிய கோழிக்குப் பின்னால் நின்று கேட்டு வளர்ந்த துளசியின் காது போகவில்லை. அந்தக் காதுக்கு, செல்லாயி மகள் ஒரு டிவி அண்ணியைத் திட்டினால் அது டிவி அண்ணியாகவா கேட்கும்?

அன்று சாயங்காலம் குமுதா தன் பழைய புலம்பல்களை எடுத்துத் துளசியின் கண்ணால் படித்துப் பார்த்தாள். பொருந்தாதது ஒன்றுகூட இல்லை. போன பள்ளி விடுமுறையில் பாரிட் புந்தாருக்குப் போயிருந்தபோது துளசி சோற்றுக்குச் சூடுபண்ணி ஊற்றியது முந்தின நாள் மீன் குழம்பு. குமுதாவுக்கு அது நாக்கிலேயே தெரிந்தது. தெரிந்ததால்தான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். மறுநாள் மீன் குழம்புக்கு ஈடு உண்டா? 'நேத்து வச்ச கொழம்பா?' என்று கேட்டதுகூடப் பாராட்டாகத்தான். அந்த வாரமே பாழாய்ப்போன ராஜலோசனி, வீட்டுக்கு வந்த நாத்தனாருக்குப் பழைய குழம்பைச் சூடுபண்ணி ஊற்றித் தொலைத்தாள். குமுதா விடுவாளா? 'வந்தவளுக்குப் பழைய குழம்பு ஊற்றுகிற கை விளங்குமா?' என்று வெளுத்து வாங்கியிருந்தாள். எழுதும்போது பாரிட் புந்தார் அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

சரி, அழித்துவிடலாம் என்று அந்தப் பதிவை அழித்தாள். மறுநாளே தினேஸ்வரியிடமிருந்து தகவல் வந்தது. குற்றம் இல்லாதவள் எதற்கு அழிக்கிறாள் என்று அம்மா கேட்கிறாளாம். அப்படியா, நல்லதாக நாலு வார்த்தை எழுதுவோம் என்று, 'நாத்தனாரைத் தங்கமாகத் தாங்குகிற அண்ணிமார்களும் உலகத்தில் உண்டு' என்று எழுதினாள். எழுதி வைத்து ஃபோனைக் கீழே வைப்பதற்குள், லூமுட்டில் மீன்பிடிப் படகில் இருக்கும் தோட்டத்து மாயாண்டி, விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சிகளைப் போட்டு, 'சரியான குத்து அக்கா' என்று கீழே எழுதினான். அவனுக்கு யார் சொன்னது? கடலுக்குப் போனவன் மீனைப் பிடிக்காமல் இதை எதற்குப் பிடிக்கிறான்? கடைசியாக, தன் எழுத்து யாரையும் குறிப்பிடுவது அல்ல என்று ஒரு அறிவிப்புப் போட்டாள். அதோடு தீர்ந்தது. யாரு அக்கா அது, எங்களுக்கு மட்டும் சொல்லுங்களேன் என்று உள்பெட்டி நிறைந்து வழிந்தது.

பக்கத்துக் கல்லாவில் நிற்கும் பல்கீஸிடம் சொல்லி அழுதாள். பல்கீஸின் புருசன் லியாகத் அலி சிலிபினிலேயே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். அந்தக் கடையில் நாளுக்கு ஒரு சண்டை தீர்த்து வைப்பதைப் பார்த்துப் பழகியவள் பல்கீஸ். ஏதாவது யோசனை சொல்லுவாள் என்று பார்த்தால், அவள் கல்லாப் பெட்டியைத் துடைத்தபடி வேறொன்றைச் சொன்னாள். நாடகத்தில் ஒருத்தி கறிச் சட்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராததைப் பற்றிக் குமுதா போன நோன்பு மாதத்தில் எழுதியிருந்தாள். அது தன்னைத்தான் என்று நினைத்துப் பல்கீஸ் அன்றைக்கே குமுதாவின் சாப்பாட்டு டப்பாக்கள் அத்தனையையும் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாளாம். டப்பாக்கள் திடீரென்று கூட்டமாக வந்து சேர்ந்தது குமுதாவுக்கு நினைவு வந்தது. நல்ல மனசு என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

"நானும்தான் கோச்சுக்கிட்டேன் குமுதாக்கா. ரெண்டு நாளு. அப்புறம் போனாப் போவுதுன்னு விட்டுட்டேன். நேர்ல போயிப் பேசுங்க. எழுதாதீங்க."

வீட்டுக்கு வந்தால் உடையப்பன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சில மாதங்களாகவே அவர் சொல்லாமல் கொள்ளாமல் இந்த வேலையைச் செய்து வருகிறார். குமுதாவுக்குப் பொறி தட்டியது. என்னங்க, நீங்கள் ஏன் துணி காயப்போட ஆரம்பித்தீர்கள் என்று கேட்டாள். அவர் ஒரு சட்டையை உதறிக்கொண்டே, நாடகத்தில் வருகிற சோம்பேறிப் புருசனைப் பற்றி அவள் எழுதியதைப் படித்தேன் என்றார். சொல்லிவிட்டுக் கிளிப்பைத் தேடினார்.

குமுதா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருசம் விரல் தேய எழுதியதில் ஒரே ஒரு ஆளாவது அவள் எழுதியதை அவள் எழுதிய மாதிரி படித்தது உண்டா? ஒவ்வொருவரும் தங்கள் மூஞ்சியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவள் சும்மா நாடகம் பார்த்தாள், சும்மா சிரித்தாள், சும்மா புலம்பினாள். ஒரு பெண்பிள்ளை சும்மா எழுதக்கூடாதா? எழுதினால் அதற்குள் எவளையோ ஒருத்தியை மறைத்துத்தான் வைக்க வேண்டுமா? நேரில் போய் இதைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அம்மா மேல் ஆணையிட்டாவது சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டால் துளசியின் மனசு ஆறிவிடும், தட்டு தானாக வரும் என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருசனும் பெண்டாட்டியுமாகக் கிளம்பினார்கள். வழி நெடுக உடையப்பன் காரை ஓட்டினார். குமுதா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள், துளசி கேட்கப்போவதையும் தான் சொல்லப்போவதையும். பாகான் செராய் தாண்டி இரண்டு பக்கமும் நெல்வயல் தொடங்கியபோது அவளுக்கே வாய் வலித்தது.

துளசி வாசலுக்கு வந்து முறையாக வாங்க அண்ணி, வாங்கண்ணே என்றாள். உட்காரச் சொன்னாள். மின்விசிறியைக் கூட்டிவைத்தாள். கண்ணாடி அலமாரியிலிருந்து பூப்போட்ட நல்ல கோப்பைகளை எடுத்தாள். அந்தக் கோப்பைகளைப் பார்த்ததுமே குமுதாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் அவள் இதுவரை குடித்தது அடுப்படியில் தொங்கும் நெளிந்த மக்கில்தான். தர்மேந்திரன் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மச்சான், ரோட்டுல ஜாமா என்று உடையப்பனிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தரையைப் பார்த்தான். மேசையின் ஓரத்தில் பத்திரிகைக் கட்டு அட்டைப்பெட்டியோடு இருந்தது.

தினேஸ்வரி மைலோ கொண்டுவந்தாள். துளசி மகளைப் பார்த்துச் சொன்னாள். குரல் மகளைத் தாண்டிப் போனது.

"தினேஸ், அத்தைக்குச் சூடா குடு. புதுசா கலக்குனதான? பழச கிழச குடுத்துறாத."

குமுதா கோப்பையைக் கையில் வாங்காமலே எழுந்துவிட்டாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவில் இல்லை.

"துளசி, எங்கம்மா மாதிரி கோழியத் திட்டுற வேல எனக்கு வேணா. நேராவே சொல்றேன். அது சும்மா நாடகம்லா. ராஜலோசனினா ராஜலோசனிதான். ஒன்ன நெனச்சு நா ஒரு வரி எழுதினதில்ல. எங்கம்மா மேல சத்தியமா."

துளசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் தணியும், முகம் இளகும் என்று குமுதா எதிர்பார்த்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. துளசி முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச முறைப்பும் வடிந்து போய், அது வெறும் முகமாக நின்றது.

"ஒரு வரிகூடவா அண்ணி?"

"ஒரு வரிகூட இல்ல. நம்பு." குமுதா அதை வெற்றியோடு சொன்னாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தாள்.

துளசி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, போன வருசம் தனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்களே, அது அண்ணிக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். குமுதாவுக்கு ஞாபகம் இருந்தது. தம்பி ஃபோன் செய்து சொன்னான். சின்ன ஆபரேசன்தான் என்றான். அந்த ஞாயிறு வருகிறோம் என்றாள். அந்த ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு அங்காடியில் ஆள் பற்றாக்குறை. பிறகு துளசி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஃபோனில் விசாரித்து, நாடகம் தொடங்குகிற நேரமாகிவிட்டதால் வைத்துவிட்டாள்.

"நீங்க வருவீங்க வருவீங்கனு இவரு தெனம் சொல்வாரு. வரல. சரி, வேலையா இருக்கும்னு இருந்தேன். அந்த வாரந்தான் ராஜலோசனியும் காய்ச்சல்ல ஆஸ்பத்திரில படுத்திருந்தா. நீங்க எழுதியிருந்தீங்க. படுத்துக் கெடக்கிறவள எட்டிப் பாக்க நாதியில்ல, ஒரு தெர்மோஸ்ல சுடுதண்ணி கொண்டாந்து குடுக்க ஆளில்ல, இதெல்லாம் ஒரு குடும்பமானு நீளமா எழுதியிருந்தீங்க. நா கட்டில்ல படுத்துக்கிட்டுப் படிச்சேன்."

தர்மேந்திரன் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"எனக்காகத்தான் எழுதினீங்கனு நெனச்சேன் அண்ணி. வர முடியல, மனசு கேக்கல, நேராச் சொல்லவும் வரல, அதான் ராஜலோசனி பேரப் போட்டுச் சொல்றீங்கனு. அந்த வார்டுல அன்னைக்கு அழுதேன். அன்னையிலேருந்துதான் ராஜலோசனினா அது நாந்தானு படிக்க ஆரம்பிச்சேன். அப்புறம் திட்டினீங்க. கோவமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் நம்மளத்தான் திட்டுறாங்கனு இருந்துச்சு."

ஆமாம், அது உனக்காகத்தான் எழுதினேன் என்று இப்போது சொன்னால் போதும். ஒரே ஒரு பொய். துளசி நம்பிவிடுவாள், நம்பத் துடித்துக்கொண்டிருக்கிறாள். நாக்கு நுனி வரை வந்த அந்தப் பொய்யை எடுத்து வெளியே வைக்க வழியில்லை. இப்போதுதான், இந்த நடுவீட்டில், செத்துப்போன அம்மா மேல் ஆணையிட்டு, உன்னை நான் நினைத்ததே இல்லை என்று உரக்கச் சொல்லி முடித்திருக்கிறாள். அதற்காகவே ஈப்போவிலிருந்து இவ்வளவு தூரம் காரில் வந்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பொம்மைப் பட்டுச்சேலைக்காக விரல் வலிக்க எழுதியவள், பாரிட் புந்தாருக்கு ஒரு தெர்மோஸைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

"வலி இருக்கா இன்னும்?" என்று கேட்டாள்.

"அது அப்பவே போயிருச்சு அண்ணி," என்றாள் துளசி. இதில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

பிறகு துளசியே எழுந்தாள். கை கழுவிவிட்டு வந்து, தட்டை எடுத்து வைத்து, வெற்றிலையை நுனி பார்த்து அடுக்கினாள். பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், மேலே பத்திரிகை. எதிலும் குறை வைக்கவில்லை. புருசனை வரச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து தட்டைப் பிடித்தார்கள். குமுதாவும் உடையப்பனும் எழுந்து நின்றார்கள். இந்த வேளைக்கு அவள் எத்தனை நாள் காத்திருந்தாள்.

அக்காவுக்குத் தட்டு கொடுக்கும்போது சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. நீங்கள்தான் முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்பார்கள். சொந்தத்தில் கடைக்கோடியில் இருப்பவருக்கும், வேலையிடத்துச் சிநேகிதருக்கும், பக்கத்துத் தாமான் வீட்டுக்காரருக்கும் வேறு வார்த்தை. குமுதா முதலாவதைக் கேட்பதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"குடும்பத்தோட வந்து பிள்ளைங்கள வாழ்த்திட்டு, இருந்து சாப்ட்டுப் போங்க அண்ணி," என்றாள் துளசி.

மரியாதையாகத்தான் சொன்னாள். சிரிக்கக்கூடச் செய்தாள். குமுதா தம்பியைப் பார்த்தாள். அவனாவது மிச்சத்தைச் சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் தட்டைக் கொடுத்துவிட்டு, கை காலியானதும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையைத் தடவினான். குமுதா தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று தேடினாள். கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அவளுக்கும் வாயில் வந்தது.

"முகூர்த்தம் எத்தன மணிக்கு துளசி?"

"கார்டுல போட்டிருக்கு அண்ணி," என்றாள் துளசி.